நாலு வின்ஸ்டர் வண்டிகள்

ஓசூரில் பெங்களூர் ரோட்டின் மேலிருந்த ராயப்பன் கடையில், கடையைவிடப் பலகை பெரிது. ‘வின்ஸ்டர் மோட்டார் சைக்கிள் – தர்மபுரி ஜில்லா முழுமைக்கும் ஒரே ஏஜெண்ட்’ என்று எழுதியிருந்தது. ஜில்லா முழுமைக்கும் இருந்த வின்ஸ்டர்கள் நாலு. கடைக்குள் விற்பனைக்கு மிச்சமிருந்தது ஒரு ஹார்ன்.

சீமையில் வின்ஸ்டர் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். உள்நாட்டு வண்டிகள் பாதி விலைக்கு ஓடத் தொடங்கிவிட்டன. ஆனாலும் ராயப்பன் தினமும் டை கட்டிக்கொண்டு கடை திறந்தார். இன்ஸ்பெக்டர் வந்தார், டாக்டர் வந்தார், மண்டிக்காரர் வந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் நிக்குதுங்க. எறக்க வேண்டியதுதான் பாக்கி."

கப்பல் நின்றுகொண்டே இருந்தது. அப்போதுதான் திருட்டு ஆரம்பித்தது.

முதலில் உத்தனப்பள்ளிப் பண்ணைக்காரர் ராமப்பனின் வண்டியில் கார்புரேட்டர் காணாமல் போனது. எப்படியோ ஒன்றைத் தேடிப் பிடித்து அவர் வண்டியைக் கிளப்பியபோது, டாக்டர் அருள்ஜோசப்பின் வண்டி நின்றது. அது ஓடத் தொடங்கியதும் கெலமங்கலம் புளி மண்டி வெங்கடப்பனின் வண்டி படுத்தது. பிறகு எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோ, அதன் பிறகு செயின். மாற்றுச் சாமான் எங்கே கிடைத்தது என்று கேட்டால், "பெங்களூர்ல, பழைய சாமான் கடையில" என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் ஆஞ்சப்பனின் வின்ஸ்டரில் மட்டும் ஒரு திருகாணிகூடக் காணாமல் போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வண்டியில் எவன் கை வைப்பான்?

அந்த வண்டி ஒரு புதன்கிழமை தடதடவென்று கடை வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே பறிகொடுத்தவர்கள் மூவரும் வந்தார்கள்.

"ராயப்பா, இந்த வண்டியைக் கழட்டத் தெரிஞ்ச ஆளு ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்யா," என்றார் இன்ஸ்பெக்டர், மீசையை நீவிக்கொண்டு. "இங்க களவாட வேண்டியது, அத்திப்பள்ளி எல்லை தாண்டி பெங்களூருக்குக் கொண்டுபோய் விக்க வேண்டியது. அதையே இவங்க காசு குடுத்து வாங்க வேண்டியது. என் சர்வீஸ்ல எத்தனை பேரைப் பாத்திருப்பேன்!"

"தொங்க!" என்று ராமப்பன் திருடனுக்கான தெலுங்கு வார்த்தையில் திட்டினார்.

டாக்டர் ராயப்பனின் கையைப் பிடித்தார். "மாதா கோயில் பூசையில பக்கத்துல பக்கத்துல முட்டி போடறோமே ராயப்பன், என் மேக்னெட்டோ மேலயா கை வெச்சீங்க?"

"கடைக்கு சீல், உனக்கு வெலங்கு. கெளம்பு," என்றார் இன்ஸ்பெக்டர்.

ராயப்பன் ஒருமுறை தன் பலகையை அண்ணாந்து பார்த்தார். டையைச் சரிசெய்துகொண்டார்.

"போலாங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. வின்ஸ்டர் டெலிவரி குடுக்கறப்போ ஒவ்வொரு பார்ட்டுலயும் உள்பக்கமா வாங்கறவங்க நம்பரைக் குத்தித்தான் குடுப்பேன். கம்பெனி பழக்கமுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நாலு வண்டியும் இங்க வரட்டும். பிரிச்சுக் காட்டறேன். யாரு வண்டியில அடுத்தவங்க நம்பர் இருக்குதோ, அவங்கதான் கள்ளன். எல்லாம் சரியா இருந்தா எனக்கு வெலங்கு மாட்டுங்க."

வெங்கடப்பன் இருமினார்.

"எல்லாப் பார்ட்டுலயுமா?" என்று கேட்டார் டாக்டர்.

"செயினுக்குக்கூட உண்டுங்க."

தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தி, கூட்டத்துக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்! ஓடாத வண்டியா இருந்தா மாட்டு வண்டியில ஏத்தியாவது கொண்டுவரணும். ஆமா!"

ராத்திரி சோறு போட்டுக்கொண்டே மனைவி லூர்தம்மாள் கேட்டாள். "நம்பர் குத்தற சாமான் நம்மகிட்ட ஏதுங்க?"

"இல்ல."

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"நாலு வண்டியும் வந்துட்டா, திங்கக்கிழமை சோத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டா."

"மாதாவுக்குப் பொதுவா சொல்லுங்க. நீங்க எடுக்கலதானே?"

ராயப்பன் எழுந்து கை கழுவினார். டையைத் துவைக்கப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் சாக்கை விரித்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியது. துவைத்த டை கழுத்தை இறுக்கியது.

முதலில் டாக்டர் நடந்து வந்தார். "வண்டியை மச்சான் காவேரிப்பட்டினம் எடுத்துட்டுப் போயிட்டான், ராயப்பன். சொல்லச் சொல்லக் கேக்கல."

ராமப்பன் பஸ்ஸில் வந்து இறங்கினார். "ரெண்டு சக்கரமும் பஞ்சருப்பா. ஒரே நேரத்துல! பாரேன் அதிசயத்தை."

வெங்கடப்பன், இன்ஸ்பெக்டர் சொன்னபடியே, மாட்டு வண்டியில் வந்தார். வண்டி நிறையப் புளி மூட்டை இருந்தது. வின்ஸ்டர் இல்லை. "ஏத்த எடமில்லாம போச்சுங்க," என்றார்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் தெலுங்கில் திட்டவில்லை. இந்த வருஷம் கேழ்வரகுக்கு மழை போதாது என்று பேசிக்கொண்டார்கள்.

"இன்ஸ்பெக்டர் சாரும் வந்துடட்டுங்க," என்றார் ராயப்பன். தெரு முழுக்க அந்தத் தடதடச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

கேட்டது மணிச் சத்தம்தான். வியர்த்து வழிய, கான்ஸ்டபிளின் சைக்கிளை மிதித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஆஞ்சப்பன் வந்து சேர்ந்தார்.