சைக்கிளோடு போன பேர்

நீலாய் ஸ்டேஷனில் அந்தச் சைக்கிளைக் கூட்ஸ் பெட்டிக்குள் ஏற்ற என் ஒருத்தியால் முடியவில்லை.

டியூப் கிடைக்காமல் டயருக்குள் தேங்காய்க் கயிற்றைத் திணித்து வைத்திருந்தோம். பிணமாகக் கனத்தது. ரப்பர் மரத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டு சைக்கிளுக்கு ரப்பர் இல்லை. சப்பான்காரன் ஆட்சியின் லட்சணம் அப்படி.

நல்லசாமி அண்ணன்தான் பெட்டிக்குள் தாவி ஏறி ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார். நான் பின்சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

அவர் பக்கத்து வீட்டுக்காரர். எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன். சயாமுக்கு ரயில் பாதை போடப் போகிறவர்கள் பட்டியலில் அவர் பேர் இல்லை. எனக்கு ஒத்தாசையாகத்தான் வந்தார்.

பட்டியலில் இருந்தது என் வீட்டுக்காரர் பேர். சைக்கிளோடு வரவேண்டும் என்று உத்தரவு. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். சித்திரையில் போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை.

"காய்ச்சல்னு சொல்லி சைக்கிள மட்டும் குடுத்துப் பாரு, ஆள விட்டாலும் விடுவாங்க" என்றார் எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. அதை நம்பித்தான் வந்தேன். காய்ச்சல்காரர் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளிக் கொல்லையில் பதுங்கிக் கிடந்தார்.

பெட்டிக்குள் ஏற்கெனவே பத்துப் பதினைந்து சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் சைக்கிளின் பெடல் இன்னொன்றின் கம்பியில் மாட்டிக்கொண்டது. அண்ணன் குனிந்து அதை விடுவித்துக்கொண்டிருந்தார்.

நான் காய்ச்சல் கதையைச் சொல்வதற்குள் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூப்பிட்டவர் சிரம்பானிலிருந்து வந்த துபாசி, சப்பான் சிப்பாய்களுக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிறவர். தமிழர்தான், ஆனால் எங்கள் தோட்டத்து முகம் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

"வீரமுத்து!"

"இருக்கேன்!"

பெட்டிக்குள்ளிருந்து நல்லசாமி அண்ணன் குரல்.

பழக்கதோஷம். விடியற்காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடும்போது என் வீட்டுக்காரர் பாதி நாள் வந்து சேர்ந்திருக்கமாட்டார். பத்து வருடமாக அவருக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தவர் அண்ணன்தான்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் அவன் இல்ல ஐயா" என்று இறங்கப் போனவரைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் உள்ளே தள்ளினான்.

துபாசி சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தாளு பேரு என்ன? நீ சொல்லு."

அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சி இருக்கிறாள், சொல்லிவிடுவாள் என்கிற சிரிப்பு.

நல்லசாமி. நாளைக்குப் பத்துத் தரம் நான் கூப்பிடுகிற பேர். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் உன் புருஷன் எங்கே?

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

துபாசி சிரித்துவிட்டார். எங்கள் பொம்பளைகள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள் என்று சிப்பாய்க்கு மலாயில் விளக்கினார். சிப்பாயும் சிரித்தான்.

கதவை இழுத்துச் சாத்தினார்கள். உள்ளேயிருந்து மயிலு, மயிலு என்று இரண்டு தரம் கேட்டது. அப்புறம் ரயில் சத்தம்தான்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தோட்டம் வரைக்கும் இதையே எனக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

லயத்து வாசலில் தாயம்மா மதினி, அண்ணனின் பெண்டாட்டி, மரவள்ளிக் கிழங்கை அவித்து மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எனக்குப் பின்னால் பாதையில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"மயிலு, இவரு எங்க?"

அவளும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள்.

"எவரு?" என்று கேட்டேன்.