அறுபதில் நின்ற முள்

"சொன்னா கேளும்மா, பெரிய நம்பராவே போடு. நாலரைக்குக் கீழ வேணவே வேணாம்!"

சொல்லிவிட்டு, ஷெட்டில் நின்ற பிக்கப்பைப் பார்க்கப் பிடிக்காமல் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. அப்பாவின் பட்டறையை இப்போது நடத்தும் மகள், வழியில் நின்றுபோகிற கார்களை இழுத்துவர அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று கிளப்பிவிட்டாள். பின் அச்சில், சக்கரத்தைச் சுழற்றும் கிரவுன் கியரை எந்த நம்பரில் போடுவது என்பதுதான் பாக்கி. நம்பர் ஏற ஏற இழுவை கூடும், வேகம் குறையும்.

"கம்பெனி போட்ட நாலு புள்ளி ஒண்ணே நல்லா இழுக்கும்ப்பா."

"வேகமும் போகும். உங்கம்மாவை வாரிக்கிட்டுப் போன வேகம் பத்தாதா?"

மகள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அன்று வளைவில் இதே வண்டி கவிழ்ந்தபோது ஓட்டியவன் அவள் அண்ணன். அறுபதில்தான் போனேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். டயர் தடத்தை அளந்த போலீஸ், எழுபதுக்கு மேல் என்றது. பெற்றவளைக் கொன்றுவிட்டுப் பொய் வேறா என்று அப்பா அவனை வீட்டைவிட்டே துரத்தினார். இன்றுவரை அவன் போன் செய்தாலும் எடுப்பதில்லை.

"சரி, இருக்கற கியர்ல எப்படிப் போகுதுன்னு முதல்ல பார்த்துடலாம். ஏறுங்கப்பா."

வேண்டாவெறுப்பாக ஏறினார். ஊரைத் தாண்டியதும் மகள் வேகம் எடுத்தாள். வழி பார்க்க மாட்டியிருந்த போனில் அவள் கண் போனது.

"என்னப்பா இது? மீட்டர் முள் அறுபதுல நிக்குது. போன் எழுபத்து நாலுங்குது!"

அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"யாரோ கிரவுனைக் கழட்டிச் சின்ன நம்பரா போட்டிருக்காங்க. மீட்டரைத் திருத்தாம விட்டுட்டாங்க. சக்கரம் வேகமா ஓடுது, முள் பழைய கணக்கையே சொல்லுது." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்ப அண்ணன் பொய் சொல்லலப்பா!"

அப்பா முன்கண்ணாடியையே வெறித்தார்.

"ஆனா இந்தக் கூத்தும் அவன் வேலையாத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாம எந்த அரைகுறைகிட்டயோ குடுத்து மாத்தியிருக்கான். இல்லையாப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு வருடக் கோபத்துக்குக் கொஞ்சமாவது நியாயம் மிஞ்சும். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். முடியவில்லை, உடைந்து அழுதுவிட்டார்.

"அவனுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. வண்டி பறக்கலைன்னு புலம்பிக்கிட்டே இருந்தான். பிறந்தநாளுக்குத் திடீர்னு சந்தோஷப்படட்டுமேன்னு, அவன் தூங்கி எழறதுக்குள்ள அந்தக் கிரவுனை மாத்தி வெச்சது நான்தான்!"