கருடனுக்குக் கிடைத்த பார்வை

குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெருமாள் ஏரியில் காலை வெயில் இப்போதுதான் தண்ணீரைத் தொடுகிறது. தலைக்கு மேலே ஒரு கருடன் வட்டமிடுகிறது. என் பெண்டாட்டி சௌந்தரம் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். கல்யாணமான நாற்பத்தாறு வருஷத்தில் என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை. நானும் ஒருதரம் புளியமரத்து உச்சியில் ஏறி நின்று பார்த்துவிட்டேன். ஏரியில் மேயும், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட ஆயிரம் நாமக்கோழிகளில் ஒன்றுகூடக் கருடனுக்காகத் தலையைத் தூக்கவில்லை. அவற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை வருகிறது. அப்போது கோரைக்கு மேலே தாழ்வாக ஒரு பூனைப்பருந்து வருகிறது. அவ்வளவுதான், சிதறிக் கிடந்த கோழிகள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புப் பாயாகிவிடுகின்றன. காலால் அடித்துத் தண்ணீரை மேலே வீசுகின்றன. அந்தச் சாரலில் உயரத்தில் இருக்கும் கருடனே ஒரு தும்மல் போடுகிறது. சௌந்தரம் நகர்ந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள். கண் மட்டும் பருந்தின் மேலேயே இருக்கிறது. கையைக் கொடுத்தவள் கண்ணையும் கொடுத்தால் என்ன?

பருந்து ஒன்றும் கிடைக்காமல் போகிறது. கோழிகள் விலகுகின்றன. அவள் விரல்களும் தளர்கின்றன.

“அதோ, திரும்பி வருது பாரு” என்கிறேன். கருடனும் போய்விட்டது, வானத்தில் ஒரு ஈகூட இல்லை.

அவள் வானத்தைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்க்கிறாள். கோழிகள் தலையைக் கவிழ்த்து மேய்கின்றன.

“உங்க பருந்துக்கு ஒரு கோழிகூட பயப்படலியேங்க” என்று சொல்லி, பிடித்த கையை விடாமல் என்னை அண்ணாந்து பார்க்கிறாள். கன்னத்தில்தான் போட்டுக்கொள்ளவில்லை.