இருபத்து மூன்று உருப்படிகள்

"ரிவெட்டே அடிச்சிடுப்பா. யானை இழுத்தாலும் வரக் கூடாது" என்றார் பெரியவர்.

பூட்டுக்காரர் இரும்புப் பெட்டியின் மேல் நாதாங்கியை வைத்துப் பென்சிலால் குறி போட்டார்.

"இத்தனை வருஷம் பூட்டில்லாமத்தானே சார் இருந்திருக்கு?"

"இத்தனை வருஷம் வீட்டுல திருட்டு இல்லை."

குரலை அவர் தாழ்த்தவில்லை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

மூடியின் உட்புறத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், சவர பிரஷ், காலமான மனைவியின் போட்டோ என்று இருபத்து மூன்று உருப்படிகள். தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சரிபார்ப்பு உண்டு.

"வாரத்துக்கு ரெண்டு குறையுது. இந்த வாரம் கண்ணாடி. போன வாரம் கையும் களவுமாப் பிடிச்சேன். பெட்டிக்குள்ள கை. யாருங்கற? என் மருமகள்."

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவா? வாயே திறக்கலை. என் பொண்ணுதான் பூட்டுப் போடச் சொன்னா. அவ விவரமானவ."

உள்ளே போன் அடித்தது. "அவதான்" என்று எழுந்து போனார்.

மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணா, ரிவெட் வேண்டாம். ஸ்க்ரூ போடுங்க."

"ஸ்க்ரூ போட்டா தலை வெளியில நிக்கும்மா. டிரைவர் ஒண்ணு இருந்தா போதும், பூட்டைத் தொடாமலே திறந்துடலாம்."

"தெரியும்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வீடுகளில் வேலை பார்த்திருக்கிறார். இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

"எனக்கென்ன. உங்க பெட்டி, உங்க பாடு."

நாலு ஸ்க்ரூக்களை எடுத்து முடுக்கினார். டீயைத் தொடவில்லை.

பெரியவர் திரும்பி வந்து பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஸ்டோரைப் பூட்டும்போதும் இரண்டு இழுப்புத்தான். அதோடு அவருக்குத் திருப்தி. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிறு. மகள் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள். பெரியவர் குளிக்கப் போயிருந்தார். மருமகள் அரிசி அளக்க டப்பாவுக்குள் கையை விட்டாள். விரலில் ஏதோ சொரசொரவென்று பட்டது.

சவர பிரஷ்.

"இன்னிக்கு இதுவா?" என்றான் வாசலில் நின்ற கணவன்.

"கடிகாரம் காலையிலேயே கிடைச்சுது. உங்க ஷூவுக்குள்ள."

"அவரே எடுக்கறார், அவரே எங்கேயோ வைக்கறார், அவரே மறந்துடறார். பேர் மட்டும் உனக்கு. அன்னிக்கு நீ கடிகாரத்தைத் திருப்பி வைக்கத்தான் போனேன்னு சொல்லிடறேன்."

"ஒரு தடவை சொன்னோமே. ரெண்டு நாள் சாப்பிடலை. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு சுவரைப் பார்த்துக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரே."

"தங்கச்சிகிட்டயாவது சொல்லலாம்."

"அடுத்த நிமிஷம் அவங்க அப்பாகிட்டப் போய், உங்களுக்கு மறதியாமேப்பான்னு கேப்பாங்க. வேண்டாம். டிரைவர் எடுத்துக் குடுங்க."

நாலு ஸ்க்ரூக்களையும் கழற்றினாள். பிரஷ்ஷில் ஒட்டியிருந்த அரிசித் தூசியைப் புடவையில் துடைத்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். திரும்பவும் முடுக்கி முடித்தபோது குளியலறையில் இன்னும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

மகள் வந்ததும் சரிபார்ப்பு நடந்தது. அவள் பட்டியலைப் படிக்கப் படிக்க, பெரியவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"இருபத்து மூணு" என்றாள் மகள்.

"பார்த்தியா? அஞ்சு வாரமா ஒரு உருப்படி குறையலை. பூட்டுக்கு முன்னாடி எப்படி, பூட்டுக்கு அப்புறம் எப்படி? இனிமே நான் யாரையும் கேக்க வேண்டியதில்லை. பூட்டே சொல்லிடுச்சு."

"மெதுவாப்பா. அண்ணி காதுல விழும்."

"விழட்டும். ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். அந்த அழுத்தம்தான் எனக்குப் பிடிக்கலை."

"நான் முதல் நாளே சொன்னேன். அண்ணாதான் நம்பலை. என்னண்ணா, இப்பவாவது நம்பறியா?"

அண்ணன் பேப்பரில் ரொம்ப நேரமாக ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"இவன் பேச மாட்டான்" என்றார் பெரியவர். "பெண்டாட்டியாச்சே."

அன்று அவர் முகம் தெளிவாக இருந்தது. ஸ்டோரில் தணிக்கை முடிந்து ஒரு ஆணிகூடக் குறையாமல் வீட்டுக்கு வரும் நாட்களில் அப்படி இருக்கும்.

மருமகள் வாசல்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"மாமா, சாப்பாடு ஆயிடுச்சு." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கை கழுவிட்டு வாங்க."

"எதுக்கு அண்ணி இவ்வளவு சிரமம்? வாசனையே ஆளைத் தூக்குது" என்று சிரித்தபடி எழுந்தாள் மகள்.

குழாயடிக்குப் போக இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி வந்து, நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கை கழுவப் போனாள்.