அந்த வீடுதான் வேணும்

வெளிநாட்டுக்கு வேலையாட்களை அனுப்பும் புவனேந்திரனின் அலுவலகம் பண்டாரவளையில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தர்ஷிகாவை அவர் நம்ப முடியாமல் பார்த்தார்.

"கெம்பஸ் போயி பட்டம் வாங்கிட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறேங்கிறியேம்மா?"

"பதுளையில ஒரு டியூட்டரியில படிச்சுக் குடுக்கிறேங்க. ரூம் வாடகைக்கும் பஸ்ஸுக்குமே சம்பளம் சரியாப் போயிருது. வீட்டு வேலைக்கு அதைவிட மூணு மடங்கு தர்றாங்க."

"கெம்பஸ் படிப்பு இலவசம்னு பேருதான். தங்க, சாப்பிட எவ்வளவு செலவாகியிருக்கும். யாரு படிக்க வச்சது?"

"அம்மாதாங்க. அப்பா இல்ல."

"நீ போறது அவங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னா விட மாட்டாங்க."

புவனேந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வரை போன பிள்ளை.

"போறதுதான் போற, துபாயில ஒரு நல்ல குடும்பம் இருக்கு. வேலை குறைவு, சம்பளமும் கூட. அங்க அனுப்புறேன்."

"வேணாங்க. குவைத்துல நான் சொன்ன அந்த வீடுதான் வேணும்."

"அங்க வேலையே ஆளைக் கொன்னுரும்மா. இப்ப இருக்கிற பொம்பள நம்ம பக்கத்து ஆளுதான். வேற ஏஜென்சி மூலமாப் போயி அஞ்சு வருஷமாச்சு. முதுகு போயி நிமிர முடியல, ஊருக்கு விடுங்கன்னு அழுவுதாம். பதிலுக்கு ஒரு ஆள் வந்தாத்தான் விடுவோம்னு நிக்கிறாங்க."

"தெரியுங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

தர்ஷிகா தலை குனிந்தாள்.

"அவங்கதாங்க எங்கம்மா."