நெட்ல பார்த்தேன்

விழுந்து விழுந்து சிரிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை. சிரிப்புக்கு முன்னால் அப்பாவின் கடை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி, பை ரிப்பேர் கடை. சூட்கேஸ் சக்கரம், ஜிப், கைப்பிடி என்று எது போனாலும் அப்பா கையில் கொடுத்தால் புதுசாகிவிடும். கொடுக்கத்தான் ஆளில்லை. கடை இருக்கும் சந்து அப்படி.

"நெட்ல தேடறவங்க கண்ணுல நம்ம கடை முதல்ல படணும். அதைச் செஞ்சு தர்றதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க" என்று அம்மாதான் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பா அவருக்கு வைத்த பெயர் நெட் தம்பி.

நெட் தம்பி கடையைப் படம் எடுத்தார். பெயர்ப்பலகையைப் படம் எடுத்தார். அப்பாவைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அது மட்டும் பல்வலிக்காரர் மாதிரி வந்தது.

"பக்கத்துல சூட்கேஸ் ரிப்பேர் எங்கன்னு யார் தேடினாலும் உங்க கடைதான் மேல நிக்கும் சார். அது என் பொறுப்பு."

"நின்னா?"

"உடனே ஃபோன் பண்ணுவாங்க."

அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. "ஃபோனா?"

அப்பாவுக்கும் ஃபோனுக்கும் ஆகாது. உடைந்த பெட்டி எதிரில் இருந்தால் வாய் ஓயாமல் பேசுவார். ஃபோனில் என்றால், "ஆங்... ம்... இல்ல..." அவ்வளவுதான். டொக்.

"மேல கொண்டு வர்றது என் வேலை. வந்தவங்களைத் துரத்தாம இருக்கறது உங்க வேலை சார்" என்றார் நெட் தம்பி.

அம்மா என்னைக் காட்டி இன்னும் பட்டென்று சொன்னாள். "இவளுக்கு லீவு முடியறவரைக்கும் பார்ப்போம். அப்பவும் ஆள் வரலைன்னா கடையை மூடிட்டு, எங்க அண்ணன் கோடவுன்ல மூட்டை எண்ணப் போங்க."

அப்பா கையிலிருந்த சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்கோ கை அரித்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் பேசி ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவள் நான். லீவில் சும்மா இருப்பேனா? தோழியின் ஃபோனை வாங்கினேன். அப்பாவின் நம்பரைத் தட்டினேன். முதலில், மூக்கால் பேசும் அம்மணி.

"ஹலோஓ! நெட்ல பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் பெட்டி மேல ஏறி உட்கார்ந்து மூடினார். ஜிப் வாயைப் பொளந்துடுச்சு. பெட்டியைத் தைப்பீங்களா, அவர் வாயைத் தைப்பீங்களா?"

"ஆங்... ம்... பெட்டி."

டொக்.

நானும் தோழியும் தரையில் உருண்டோம். நீங்கள் இன்னும் பொறுங்கள்.

மறுநாள், இருமலோடு ஒரு பெரியவர்.

"நெட்ல பார்த்தேன்யா. பெட்டிப் பூட்டோட நம்பர் மறந்து போச்சு."

"என்ன நம்பருங்கய்யா?"

"அது தெரிஞ்சா உன்னை ஏன்யா கூப்பிடறேன்?"

"சரிங்கய்யா... பெட்டியைக் கொண்டு வாங்க. உடைக்காம திறந்து தர்றேன்."

அட! முழுசாக ஒரு வாக்கியம்!

எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. பையை நாய் கடித்துவிட்டதென்று ஒப்பாரி வைக்கும் மாணவி. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று குதிக்கும் சேல்ஸ்மேன். "பதறாதீங்க சார். எந்தச் சக்கரம், இடதா வலதா?" என்று அப்பா தானாகவே கேள்வி கேட்டார். டொக் நின்றுபோய், "வெச்சுடட்டுங்களா?" வந்தது.

சாப்பிடும்போது பெருமை வேறு. "ஃபோன் வந்துட்டே இருக்கு."

"ஃபோன் வருது சரி. பெட்டி எங்க?" என்றாள் அம்மா.

"வரும், வரும்."

எனக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. அப்பா தலையில் தட்டிவிட்டார்.

லீவு முடியப்போகிறது. சும்மா விடலாமா? இருப்பதிலேயே பெரிய குரலை எடுத்தேன். ஓய்வுபெற்ற அதிகாரி. பேசினாலே எதிராளி எழுந்து நிற்க வேண்டும்.

"யோவ்! நான் யாருன்னு தெரியுமா? நெட்ல பார்த்தேன். பெட்டிக் கைப்பிடி தனியா கையோட வந்துடுச்சு. பெட்டி விழுந்து வாயைப் பொளந்து, என் துணியெல்லாம் நடுரோட்டுல கிடக்கு!"

"முதல்ல ஓரமா வந்துடுங்க சார், வண்டி வரும். துணி அப்புறம். அந்தக் கைப்பிடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதையே மாட்டித் தர்றேன். மருந்துக்கடைக்குப் பின்னாடி சந்து, ரெண்டாவது கடை. நான் வாசல்லயே நிக்கறேன்."

குரலா அது? தேன்!

"வாசல்ல நின்னா ஆச்சா? என் மரியாதை..."

பாதியில் நிறுத்தினேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அங்க என்னய்யா சத்தம்?" என்று அதட்டினேன்.

அப்பாவின் குரல் தாழ்ந்தது.

"அதுதான் நெட்ல போட்டிருக்கற நம்பர். நெட் தம்பி அதுக்குன்னே தனி ஃபோன் வாங்க வெச்சான். தினம் அடிக்குது, எடுக்க பயமா இருந்தது. இந்த நம்பர் நம்ம வீட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாதே."

அதிகாரி என் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டார். சிரிப்பதென்றால் நீங்கள் இப்போது சிரித்துக்கொள்ளலாம்.

"உன்கிட்ட பேசிப் பேசித்தான் எனக்குக் கொஞ்சம் வாய் வந்திருக்கு" என்றார் அப்பா. "இப்ப அதை எடுக்கப் போறேன். வெச்சுடாத, வாலு. அப்பா சரியாப் பேசறேனான்னு லைன்லயே இருந்து கேளு."