தொண்ணூற்றெட்டு நாலு

காத்தமுத்துவின் நாக்குக்கடியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். பாதரசம் தொண்ணூற்றைந்து கோட்டைக்கூட எட்டவில்லை.

அந்தக் கணக்குப்படி என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பிணம்.

பிணத்துக்குக் கண் ரெண்டும் செக்கச்செவேலென்று இருந்தது. கையைத் தொட்டால் சுட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மில் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாகக் கம்பவுண்டர் நான். லீவுக்காகச் சுடுகாபியை வாயில் கொப்பளித்துவிட்டு வந்தவர்களைப் பிடித்திருக்கிறேன். கக்கத்தில் வெங்காயம் வைத்து வந்தவர்களை வாசலிலேயே மோப்பம் பிடித்துத் துரத்தியிருக்கிறேன். இவன் என்னடாவென்றால், இருக்கிற காய்ச்சலை ஒளிக்க வந்திருக்கிறான்!

"ஐஸ் எந்தக் கடையில வாங்குன?"

திருதிருவென்று விழித்தான். உதட்டோரம் மரத்தூள் ஒட்டியிருந்தது. மன்னார்புரம் முக்கில் சோடாக்கடைக்காரர் ஐஸ்கட்டியை மரத்தூளில்தான் புதைத்து வைத்திருப்பார். கன்னத்தில் ஒதுக்கியிருந்த மிச்சத்தைத் துப்பச் சொன்னேன்.

"நேத்து இங்கேருந்து போறப்ப மழையில நனைஞ்சிட்டேங்க. இன்னிக்கு மட்டும் எப்படியாவது..."

ஆறு வருஷமாக அவன் பதிலி ஆள். யாராவது வேலைக்கு வராத அன்றைக்குத்தான் அவனுக்கு வேலை. எடமலைப்பட்டி புதூரிலிருந்து சைக்கிளை மிதித்து வந்து கேட்டில் நிற்பான். பாதி நாள் அப்படியே திரும்பிப் போவான்.

நிரந்தர வேலைக்கான மெடிக்கலில் நெஞ்சு, கண், காது எல்லாம் நேற்றே பார்த்தாயிற்று. டெம்பரேச்சர் ஒன்றுதான் பாக்கி. காய்ச்சல் என்று டாக்டர் எழுதினால் நிரந்தரப் பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். போன பட்டியல் வந்தது ஐம்பத்திரண்டில். இது ஐம்பத்தெட்டு.

"அற்புதசாமி, டெம்பரேச்சர் என்னய்யா?" உள்ளறையிலிருந்து டாக்டர் கேட்டார்.

பாதரசம் காட்டாத ஒரு நம்பரை இந்த வாய் சொன்னதில்லை. அது டாக்டருக்கும் தெரியும். ஆனாலும் மனுஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒரு தரம் பார்ப்பார்.

"இதோ ஆச்சு சார்" என்றேன்.

தெர்மாமீட்டரை நாலு உதறு உதறி மறுபடியும் அவன் வாயில் வைத்தேன். ரெண்டு நிமிஷம் வைக்க வேண்டும் என்பது விதி. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த வெள்ளிக்கோட்டையே பார்த்தேன்.

தொண்ணூற்றாறு.

தொண்ணூற்றேழு. ஐஸ் போன வாய் சூடேற ஏற அதுவும் விறுவிறுவென்று ஏறியது. காத்தமுத்து மூச்சே விடவில்லை.

தொண்ணூற்றெட்டு.

வெடுக்கென்று உருவினேன்.

தெர்மாமீட்டரில் ஏறின பாதரசம், உதறினாலொழிய இறங்காது. டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு நாலு. நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் காத்தமுத்து என் காலில் விழப் பார்த்தான். "போய் மிளகுக் கசாயம் குடிச்சிட்டுப் படு, போ" என்று விரட்டினேன். அவன் போன பிறகு எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் மெடிக்கலிலும் இதே தொண்ணூற்றெட்டு நாலுதான். உடம்பு அன்றைக்கு அனலாய்க் கொதித்தது. எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த பரக்கத் அலி பாய்தான் உருவினார்.

வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டுக்கு என் கணக்கில் ஒரு சேவல் போகிறது.